பிரேக்கில் காற்று

வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பவனுக்கு மேலே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவளின் முகம் தெரியாது. செம்மலைக்கு அது ஒருவகையில் சௌகரியமாகத்தான் இருந்தது. முகம் தெரிந்தால் அதைப் பார்த்து ஏதாவது பேசியாக வேண்டும். மழைக்காலம் முடிந்ததிலிருந்து கோகிலாவின் முகத்தைப் பார்த்து அவன் பேசியதெல்லாம் சோறு போடு, கதவைச் சாத்து, கரண்டு வந்திருச்சா என்ற அளவோடு சரி; அவள் அவனிடம் பேசியது அதைவிடக் குறைச்சல். இன்றைக்கு என்னடாவென்றால் காலையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். “அமுத்து” என்கிறான் கீழேயிருந்து. “அமுத்தறேன்” என்கிறாள் மேலேயிருந்து. “இன்னும் அமுத்து. ம், புடிச்சுக்க.” “புடிச்சுட்டனுங்க.” அவன் நிப்பிளைத் தளர்த்துகிறான். “போயிருச்சுங்க” என்கிறாள். அவன் முறுக்குகிறான். “உடு” என்கிறான். கல்யாணமான புதுசில்கூட இத்தனை வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்று நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்து சிரிக்க முடியவில்லை, மட்கார்டில் காய்ந்திருந்த சேறு உதிர்ந்து பல்லில் நறநறத்தது. பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒருத்தர் பெடலை மிதித்து மிதித்து இறுக்கிக்கொண்டு அப்படியே காலை எடுக்காமல் பிடிக்க வேண்டும், கீழே ஒருத்தர் சக்கரத்துக்குப் பின்பக்கமிருக்கும் நிப்பிளை ஸ்பேனர் போட்டுத் திறக்க வேண்டும், பழைய ஆயிலும் அதோடு சிக்கிக் கிடக்கிற காற்றும் டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் இறங்கும், பெடல் தரைக்குப் போய்விடும். நிப்பிளை முறுக்கும் முன் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே ஏறிக்கொள்ளும். அதனால் இந்த வேலையில் ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் கேட்டாக வேண்டும், வேறு வழியில்லை. அவன் கூப்பிட ஆள் இல்லாமல்தான் அவளைக் கூப்பிட்டான். அவளும் மறுபேச்சில்லாமல் சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள்.

ஊருக்குப் போகிறாள் என்றால் நம்பியூருக்கு, அவள் அப்பன் வீட்டுக்கு. பெரியவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பத்து நாள் கூட இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கேட்பவர்களுக்கு அது போதும். ஆனால் பத்து நாளைக்குப் போகிறவள் தையல் மெஷினை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறாள்? அதுதான் செம்மலையின் தலைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் மெஷினின் தலையைத் தனியாகக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டியதை அவன் வாசலில் நின்று பார்த்தான். பாபின் டப்பா, கத்திரிக்கோல், அளவு டேப் எல்லாம் அதோடு போயின; பாதி தைத்த அக்கம்பக்கத்தார் ஜாக்கெட்டுகளை மட்டும் பிரித்து அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பாதி தைத்த ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பவள் திரும்பி வருவாளா? இதற்குப் பெரிய மூளை ஒன்றும் வேண்டியதில்லை. “மெஷினு எதுக்கு?” என்று கேட்டிருக்கலாம். நாலே நாலு எழுத்துச் சொல், எதுக்கு. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, “மெஷின பஸ்ல ஏத்த மாட்டான். நான் வண்டில கொண்டாந்து உட்டர்றேன். பிரேக்க மட்டும் ஒருக்கா பாத்துக்கறேன்” என்றான். அவள் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு, “சரிங்க” என்றாள். அந்தச் சரிங்கவை இரவெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. இந்த ஜன்மத்தில் கடைசியாக ஒரு உபகாரம் செய்துகொள்கிறாயா, செய்துகொள் என்கிற மாதிரி ஒரு சரிங்க.

பின்னால் இடது சக்கரம். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டே கிட்டே வர வேண்டும் என்பது கணக்கு. நிப்பிள் துருப்பிடித்து மண்டிக் கிடந்தது, டீசல் விட்டு ஊறவைத்து, தட்டி, கெஞ்சி, திட்டித்தான் அசைந்தது. முதலில் வந்த ஆயிலைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாகிவிட்டது. டிக்காஷன் நிறம்கூட இல்லை, சாக்கடைக் கறுப்பு. அடியில் கசடு. டியூபில் குமிழி குமிழியாகக் காற்று. வண்டி வாங்கின காலத்திலிருந்து இந்த ஆயிலை அவன் மாற்றினதே கிடையாது. டப்பாவில் அளவு குறைந்தால் கொஞ்சம் ஊற்றிக்கொள்வான், மறுபடி குறைந்தால் மறுபடி கொஞ்சம். மாத்தணும்ணா, உள்ள தண்ணி கோர்த்திரும் என்று சத்தியமங்கலத்தில் மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் சொல்வான். “பாக்கலாம்” என்பான் செம்மலை. இந்தப் பாக்கலாம் இருக்கிறதே, அது அவன் நாக்கிலேயே குடியிருக்கிறது. இல்லை என்று சொல்ல அவனுக்கு மனசு வராது, ஆகட்டும் என்று சொல்லி எழுந்து நிற்கவும் உடம்பு வணங்காது. நல்ல மனுஷன், யாரையும் கையை நீட்டி ஒரு அடி அடித்ததில்லை, குடித்துவிட்டு ரோட்டில் விழுந்ததில்லை. ஆசனூர் சுற்றுவட்டாரத்தில் கேட்டால் செம்மலையா, தங்கமான ஆள் என்றுதான் சொல்வார்கள். அந்தத் தங்கத்தோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவளைத்தான் கேட்க வேண்டும். “அமுத்து. நல்லா, அடி வரைக்கும் அமுத்து.” “அடி வரைக்கும் அமுத்தறனுங்க.” பாட்டில் பாதி நிறைந்தது. “இப்ப எப்படி இருக்குது?” “மெத்துனு இருக்குதுங்க” என்றாள். மெத்தென்று இருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். இருக்கட்டும், முதல் சக்கரம்தானே என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கம் உருண்டான்.

குழந்தை இல்லாததற்குக் கோயமுத்தூருக்குப் போய் நல்ல டாக்டராகப் பார்க்கலாம் என்று அவள் முதலில் சொன்னபோது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கோஸ் வெட்டு முடியட்டும், பாக்கலாம் என்றான். கோஸ் முடிந்தது, பீட்ரூட் வந்தது. பீட்ரூட் முடிந்து மழை வந்தது. மழையில் மலைப்பாதை சரிந்தது. ஒரு தைப்பூசத்துக்கு அவள் அம்மா வந்து நேரடியாகவே கேட்டாள், மாப்பள, வயசு போவுதுங்களே என்று. “பாக்கலாமுங்க அத்தை” என்றான், அதையும் எவ்வளவு மரியாதையாக! கடைசியில் போன ஐப்பசியில் அவளே தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்து, இனி அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அஞ்சு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டாளாம். இதைச் சொல்லும்போது கோகிலா சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் என்ன சொன்னான்? வேற ஆஸ்பத்திரி பாக்கலாம் என்றான். அவள் கை நின்றது. களைந்த தண்ணீரை வடித்தாள். அன்றைக்கு அழுதிருந்தால், பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால், அவன் ஏதாவது செய்திருப்பான், காலில்கூட விழுந்திருப்பான். சாப்பாடு போட்டாள். ரசம் நன்றாக இருந்தது. ரசம் நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் ஞாபகம் இருப்பதை நினைத்தால் தன் தலையிலேயே ஸ்பேனரால் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று அவனுக்கு வருகிறது. அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்து என்று நினைக்கிறான், ராத்திரி படுக்கப் போகும்போது, “எனக்கு இங்க ஒண்ணுமே இல்லீங்க” என்றாள். அவன் மறுநாள் விடிந்ததும் தாளவாடிச் சந்தைக்குப் போய் அரிசி, பருப்பு, எண்ணெய், சீரகம், மிளகு எல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். விளையாட்டில்லை, நிஜமாகவே அப்படித்தான் அவன் காதில் விழுந்தது. வீட்டில் சாமான் இல்லை என்கிறாள் என்று. அவள் மூட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பருப்பை டப்பாவில் கொட்டி மூடினாள். அவளுக்கு வேண்டியது பருப்பு இல்லை என்று அவனுக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று. “புடிச்சுக்க.” “புடிச்சுட்டனுங்க.” பின்னால் வலது சக்கரத்திலும் குமிழிதான் வந்தது, ஆனால் குறைந்துகொண்டு வந்தது. எழுந்து போய்ப் பானட்டைத் தூக்கி டப்பாவில் புது ஆயில் ஊற்றினான். திறந்த பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த சந்தில் அவள் நெற்றியும் பொட்டும் மட்டும் தெரிந்தன. சட்டென்று குனிந்துகொண்டான்.

பிரேக்கைப் பார்த்துக்கொண்டு கிளம்பலாம் என்று அவன் சொன்னது நாளைக் கடத்தும் தந்திரம் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். போன வாரம் பீட்ரூட் லோடோடு திம்பம் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பெடல் அவன் காலுக்குக் கீழே வெறும் பஞ்சாகப் போய்விட்டது. கியரைக் கீழே தள்ளி, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் உரசி நிறுத்தினான். எதிரே வந்த கரும்பு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். இறங்கி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தான். பள்ளத்தில் மூங்கில் புதர், அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, பனி. வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லவில்லை. சொல்ல ஒரு சொல் இருந்திருக்கும், செத்துப் பிழைத்தேன் என்று. சொல்லியிருந்தால் அவள் பதறி நெஞ்சில் கை வைத்திருப்பாளோ என்னவோ. பதறாமல் இருந்துவிட்டால்? அந்தச் சந்தேகத்தில்தான் மென்று முழுங்கிவிட்டான். இப்போது முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தபடி அந்த வளைவை மறுபடியும் பார்க்கிறான். பக்கத்துச் சீட்டில் அவள், பின்னால் போர்வையில் சுற்றிய மெஷின், பெடல் கீழே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, மூங்கில், பனி, அதோடு எல்லாம் முடிந்தது, யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. இந்த நினைப்பு ஒரு கணம்தான் வந்தது. வந்ததும் உடம்பெல்லாம் கூசிவிட்டது அவனுக்கு. கடவுளே, என்ன மாதிரி ஆள் நான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிரேக் ஆயில் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கைச் சிராய்ப்பில் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டான். ஆனால் அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும் என்பதும் அதே மனசுதான். அதே மனசு, அதே நாற்றம் பிடித்த தலை. “ஏனுங்க, புடிச்சுட்டே இருக்கறேன்” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “ஆ, உடு உடு” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, முறுக்கினோமா என்று ஒருதரம் ஸ்பேனரை அழுத்திப் பார்த்தான். முறுக்கித்தான் இருந்தது.

நாலாவது, முன் வலது, அவள் பக்கத்துச் சக்கரம். கதவைத் திறந்து வைத்திருந்தாள். அடியில் படுத்தால் அவள் பாதம் தெரிந்தது. கொலுசு இல்லை, எப்போது கழற்றினாள்? மெட்டி இருந்தது. குதிகாலில் பித்தவெடிப்பு. பெடலில் அழுத்தும்போது விரல்கள் வெளுத்து, விடும்போது சிவந்தன. அந்தக் காலைக் கையால் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தான், அப்புறம் நினைக்கவில்லை. டியூபில் ஒரு குமிழிகூட வரவில்லை. புது ஆயில் இளம் மஞ்சளாகத் தெளிந்து இறங்கியது. வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான், வாயைக் கொப்பளித்துவிட்டு மெஷினை ஏற்ற வேண்டியதுதான். “இப்ப எப்படி?” என்று கேட்டான், இறுகியிருச்சு என்ற பதிலுக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு. கொஞ்சம் பொறுத்து, “நிக்க மாட்டீங்குதுங்க” என்றாள். அவன் டியூபைப் பார்த்தான். சுத்தம். பாட்டிலைப் பார்த்தான். சுத்தம். “நல்லா அமுத்திப் பாரு.” “அமுத்தித்தான் சொல்றேன்.” அப்படியா என்றான். எங்காவது ஒளிந்திருக்கும் என்று மறுபடி பின் இடது சக்கரத்துக்குப் போய்ப் படுத்தான். “அமுத்து, அடி வரைக்கும்.” மஞ்சளாக, குமிழியே இல்லாமல் வந்தது. “எப்படி?” “அதேதானுங்க.” பின் வலது. குமிழி இல்லை. “அதேதானுங்க.” அப்போதுதான் அது அவனுக்குள் எட்டிப் பார்த்தது. காற்று இல்லை. காற்று இல்லவே இல்லை. கீழே படுத்திருக்கிற அவனுக்குக் குமிழி தெரியும், அவளுக்குத் தெரியாது. மேலே உட்கார்ந்திருக்கிற அவளுக்குப் பெடலின் இறுக்கம் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் கணக்கு. அவள் பொய் சொல்கிறாள்.

அவள் பொய் சொல்கிறாள்! செம்மலை பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்கு நேர் கீழே கிடந்தபடி, முகத்துக்கு மேலே தொங்கிய எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து இளித்தான். பைத்தியக்காரி, இங்கேயே இருக்கிறேன் என்று வாய் விட்டுச் சொல்ல மாட்டாளாம், பிரேக்கைச் சாக்கு சொல்கிறாளாம். அவனிடம் பதினெட்டு வருஷம் இருந்ததில் நாளைக் கடத்தும் வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. சின்னச் சின்னப் பொய் அவளுக்கு வரும், அவனுக்குத் தெரியும். மிச்சமிருந்த ஒரே முட்டையை அவன் தட்டில் வைத்துவிட்டு நான் முன்னயே தின்னுட்டேன் என்பாள். ஜுரத்தோடு துணி துவைத்துவிட்டு வெயில்ல நின்னேன், அதான் உடம்பு சுடுது என்பாள். அது மாதிரிதான் இதுவும். சரி, விளையாடலாம். அவன் குரலைக் கம்மியாக வைத்துக்கொண்டு, “இந்தப் பக்கம் இன்னும் காத்து வருது போல. இன்னொரு ரவுண்டு எடுத்தர்லாமா?” என்றான். “எடுங்க” என்றாள். எவ்வளவு சீக்கிரம் சொன்னாள்! எடுத்தான். நல்ல ஆயிலை, தெளிந்த ஆயிலை, வீணாகப் பாட்டிலில் இறக்கினான். அமுத்து, புடிச்சுக்க, உடு. அமுத்து, புடிச்சுக்க, உடு. மனசு அது பாட்டுக்கு முன்னால் ஓடியது. ஆறு மணிக்கு மேல் செக்போஸ்டில் சரக்கு வண்டியை விடமாட்டான், அதுவரைக்கும் இழுத்துவிட்டால் இன்றைக்குப் பயணம் இல்லை. நாளைக்குச் செவ்வாய், வீட்டுப் பொம்பளை செவ்வாய்க்கிழமை படியிறங்கலாமா? புதன் அமாவாசை, அமாவாசையன்றைக்கு எவன் மலை இறங்குவான். வியாழன் பாட்டிமை, அமாவாசைக்கு மறுநாள், ஆகாது. வெள்ளிக்கிழமை சொல்லவே வேண்டாம். சனிக்கிழமைக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஆனால் சனிக்கிழமைக்குள் ஒரு மனுஷனால் ஒரு வார்த்தை பேச முடியாதா? பேசுவான். உட்காரவைத்துப் பேசுவான். நான் செஞ்சது தப்பு கோகிலா, உன்னை வயசெல்லாம் காக்கவெச்சுட்டேன் என்று அந்த வாக்கியத்தை அப்படியே தயார் பண்ணி உதட்டில் வைத்துப் பார்த்தான். கொஞ்சம் நாடகத்தனமாக இருந்தது. காக்கவெச்சுட்டேன் மட்டும் போதும். பெரியவரை இங்கே கூட்டி வந்துவிடலாம், பின் ரூமைக் காலி பண்ணி ஜன்னல் பக்கம் கட்டில் போட்டால் ரோடு தெரியும், அவருக்கும் பொழுது போகும். மெஷினின் தலையைத் திரும்ப மாட்ட இரண்டு போல்ட்டுதான். இதை நினைக்கும்போது அவன் கண் கலங்கிவிட்டது, அசடு, கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோய், கையில் பிரேக் ஆயில் இருப்பது ஞாபகம் வந்து தோளிலேயே தேய்த்துக்கொண்டான்.

தோட்டத்துக்குப் போகும் வழியில் பக்கத்துக் காட்டு மாதேவப்பா சைக்கிளை நிறுத்திக் குனிந்து பார்த்தார். “என்ன செம்மலை, பொண்டாட்டியை மேல உக்கார வெச்சுட்டு நீ கீழ கெடக்கறே, நல்லா இருக்கே கூத்து” என்றார். “பிரேக்குல ஏர் எடுக்கறோமுங்க” என்றான். “எங்கம்மா பயணம், காலங்காத்தாலயே பொட்டி எல்லாம் கட்டி வெச்சிருக்கே?” என்று அவளைக் கேட்டார். “அப்பனுக்கு ஒடம்பு செரியில்லீங்க, நம்பியூர் போறேன்.” “எப்ப வருவே?” செம்மலை முறுக்குவதை நிறுத்தினான். ஸ்பேனர் நிப்பிளின் மேல் இருந்தது. மாதேவப்பாவின் காலும் சைக்கிள் டயரும் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்தன. மேலே சீட்டு கிறீச்சென்றது. “போனாத்தான் தெரியுமுங்க” என்றாள். போனாத்தான் தெரியும்! வர மாட்டேன் என்று சொல்லவில்லை பார் என்று அவன் மனசு துள்ளியது. பத்து நாள் என்றும் சொல்லவில்லை என்று மனசின் வேறொரு மூலை முனகியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதேவப்பா நல்லபடியாப் போயிட்டு வா என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். செம்மலை மூன்றாவது ரவுண்டைத் தொடங்கினான். வாங்கி வைத்திருந்த புது ஆயில் தீரும் வரை எடுக்கலாம், தீர்ந்தால் வாங்கத் தாளவாடிக்குப் போக வேண்டும், போனால் பொழுது சாய்ந்துவிடும். “அமுத்து, அடி வரைக்கும்.” அவள் அமுத்தினாள். “எப்படி?” என்று கேட்டபோது அவன் குரலில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. “நிக்க மாட்டீங்குது. நீங்களே வந்து மிதிச்சுப் பாருங்க” என்றாள்.

போகாமல் இருந்திருக்கலாம். எதற்கு, நீ சொன்னாப் பத்தாதா என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு சந்தோஷம், அதை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் கூப்பிடுகிறாளே. இத்தனை மாதம் கழித்து வா என்று கூப்பிடுகிறாள். எழுந்து, முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவள் இறங்கி நின்று இடம் விட்டாள். இப்போது முகம் தெரிந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்ததில் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. அவன் அவளைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தான், எனக்குத் தெரியும் என்கிற சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை, பெடலைக் காட்டினாள். ஏறி உட்கார்ந்து மிதித்தான். கல்லு மாதிரி நின்றது. நான் நெனச்சேன் என்று வாயைத் திறந்தான். அதற்குள் பெடல் காலுக்குக் கீழே நழுவியது. அவன் அழுத்தம் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை, அது பாட்டுக்கு மெதுவாக, யாரோ கீழேயிருந்து இழுக்கிற மாதிரி இறங்கித் தரையில் போய் உட்கார்ந்தது. காலை எடுத்தான். மறுபடி மிதித்தான். நின்றது, இறங்கியது. காற்று இருந்தால் மெத்தென்று இருக்கும். நின்று, அப்புறம் நிற்க மாட்டாமல் இறங்கினால் அது காற்று இல்லை, மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் கிழிந்துவிட்டது. பழைய வண்டியில் பெடலை அடி வரைக்கும் விட்டு அமுத்தக் கூடாது, சிலிண்டரில் புழங்காத பாகம் துருவேறிக் கிடக்கும், வாஷர் அதில் உரசினால் கிழிந்துபோகும், அதனால் பெடலுக்குக் கீழே ஒரு கட்டை வைத்துக்கொண்டுதான் அமுத்த வேண்டும். இது அவனுக்குத் தெரியாததில்லை. காலையில் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. கட்டை வைக்க அவள் காலடியில் குனிந்து, அவள் பாதத்தை நகர்த்தச் சொல்ல வேண்டும், அவள் முழங்கால் அவன் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பாக்கலாம் என்று விட்டுவிட்டான்.

“சிலிண்டரு போயிருச்சு” என்றான். அவள் ம் என்றாள். “மெத்துனு இருக்குதுன்னு நீ சொல்லச் சொல்ல நான் காத்துன்னே…” “மெத்துனு இருக்குதுன்னு ஒரு தடவைதான் சொன்னேன். அப்பறமெல்லாம் நிக்க மாட்டீங்குதுன்னுதான் சொன்னனுங்க.” குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவன் யோசித்துப் பார்த்தான். ஆமாம். நிக்க மாட்டீங்குது, நிக்க மாட்டீங்குது என்று அத்தனை தடவையும் அதையேதான் சொல்லியிருக்கிறாள், முதல் தடவை அதைச் சொன்னபோதே ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எதையும் கடத்தவில்லை. பெடலில் என்ன இருந்ததோ அதைச் சொன்னாள், அவன் கீழே கிடந்து அவளைத் தனக்குள்ளேயே திரும்பக் கூட்டி வந்து, மெஷினை மாட்டி, மாமனாருக்குக் கட்டில் போட்டு முடித்திருக்கிறான். உதட்டில் வைத்திருந்த வாக்கியம் அங்கேயே இருந்தது. இப்போது சொல்லலாம். எதிரில்தான் நிற்கிறாள். “கோகிலா” என்றான். “சொல்லுங்க” என்றாள் அவள், உடனே, முழுசாக அவன் பக்கம் திரும்பி. அந்த முகத்தில் கேட்க மாட்டேன் என்று எதுவும் இல்லை. கேட்டுக்கொள்வாள், பருப்பை வாங்கிக்கொண்ட மாதிரி வாங்கி எங்காவது கொட்டி மூடிவிடுவாள். “சிலிண்டருக்குச் சத்திக்குத்தான் போகோணும்” என்றான். “சரிங்க” என்றாள். பெடல் அவன் காலுக்குக் கீழே இன்னொரு தடவை இறங்கி முடித்தது.

அவள் தொட்டியில் தண்ணீர் மொண்டு முகத்தையும் காலையும் கழுவிக்கொண்டு வந்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே, “ரெண்டு மணிக்கு பஸ்ஸு இருக்குதுங்களா?” என்று கேட்டாள். அவளுக்குப் பஸ் நேரம் தெரியாது, ஏறுவதே வருஷத்துக்கு ஒருதரம். இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவாள், அவன் பேச்சை அந்த விஷயத்தில் இன்னும் நம்புகிறாள். “இருக்குது. முன்ன பின்ன வரும், கொஞ்சம் சீக்கிரமே போயி நின்னுக்க” என்றான். அவள் உள்ளே போய்த் துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். போர்வையில் கட்டிய மூட்டை வாசலிலேயே இருந்தது. அவன் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, “மெஷினு?” என்றான். நேற்று அதைக் கேட்கப் பயந்தவனுக்கு, இன்றைக்கு அதைக் கேட்கும்போது கடைசியாக ஒரு துளி ஆசை இருந்தது. அவள் நின்று மூட்டையைப் பார்த்தாள். கட்டின முடிச்சு தளர்ந்திருந்ததைக் குனிந்து ஒருதரம் இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“அது கெடக்கட்டுமுங்க. நான் அங்க வேற வாங்கிக்கறேன்.”